வான்வழித் தூரமும் வாசல்வழித் தூரமும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் இட்ட பெயர்கள் பொருள் பொதிந்தவை. சூரியன் எழும் பக்கத்தை எழுவான்கரை என்றனர். அவன் படும் பக்கத்தைப் படுவான்கரை என்றனர். இக்கரைகளில் வாழ்ந்தோர்க்குத் தூரம் வேறு, நேரம் வேறு என்பதை எவரும் கற்பிக்க வேண்டியிருந்ததில்லை. நீருக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியும் ஊருக்குப் போவதற்கு, 'பாதை' வந்து சேரும்வரை துறையிற் காத்து நின்றவர்கள் அவர்கள். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது வாவியின் அகலம் ஒரு முழமேனும் குறைந்துவிடவில்லை. ஆயினும் கொக்கட்டிச்சோலை அன்று தொடக்கம் அண்மையூராகிவிட்டது.

வாவிக்குப் பொருந்திய இவ்வுண்மை வானத்துக்கும் பொருந்தும். மாணவர் சிலர் அண்மையில் ஒரு கேள்வியை எழுப்பினர். "கொழும்பிலிருந்து இலண்டனுக்கு விமானத்தில் எவ்வளவு தூரம்? எத்தனை மணித்தியாலப் பயணம்? பயணச்சீட்டைப் பார்த்தால் போவதற்கு ஐந்தரை மணித்தியாலம், வருவதற்குப் பதினாறு மணித்தியாலம் என்பதுபோலத் தோன்றுகின்றதே, அஃது எங்ஙனம்?" என்பது அக்கேள்வி. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடல் கடந்து வாழும் குடும்பங்கள் நம்மிடையே மிகுந்துவிட்ட இக்காலத்தில், இதற்கு விடை காண்பது மாணவர்க்கு மட்டுமன்றிப் பெற்றோர்க்கும் பயன் தருவதாகும். ஆதலின் இவ்வாரம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

நூலும் உலக உருண்டையும்

பாடசாலையிலுள்ள உலக உருண்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தையல் நூலின் ஒரு முனையைக் கொழும்பிலும் மறுமுனையை இலண்டனிலும் வைத்து, நூலைத் தொய்வின்றி இழுத்துப் பிடியுங்கள். அந்நூல் கிடக்கும் வழியே இரு நகரங்களுக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய வழி. சுவரில் தொங்கும் தட்டையான படத்தில் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தால் இவ்வழி கிடைக்காது. உருண்டையாக உள்ளதைத் தாளில் விரித்து வரையும்போது அது திரிபடைந்துவிடுகின்றது. கடலோடிகள் பயன்படுத்தும் படத்தில் கொழும்பையும் இலண்டனையும் நேர்கோட்டால் இணைத்து அவ்வழியே சென்றால், நூல்வழியைக் காட்டிலும் 200 கிலோமீற்றருக்கு மேல் வீணே பறக்க நேரும்.

நூல் காட்டும் வழியைச் சற்றே பின்தொடர்வோம். கட்டுநாயக்காவிலிருந்து புறப்படும் அது மன்னார் வளைகுடாவைக் கடந்து, தென் தமிழ்நாட்டின் மேலாகச் சென்று, அரபிக்கடலில் இறங்குகின்றது. பின்னர் ஈரான் தேசத்தை ஊடறுத்து, கருங்கடலைத் தாண்டி, உக்ரேனின் தென்பகுதியையும் நடு ஐரோப்பாவையும் தொட்டு இலண்டனை அடைகின்றது.

இதன் நீளத்தை அளப்பதற்கு ஓர் எளிய முறை உண்டு. பூமியின் முழுச் சுற்று 360 பாகை. நம் நூல் அதில் ஏறத்தாழ 78⅓ பாகையை அடைக்கின்றது. ஒரு பாகைக்கு 60 கடல்மைல். இரண்டையும் பெருக்கினால் 4,700 கடல்மைல் வரும். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர் ஆதலால், அது ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். தரைமைலில் சொன்னால் 5,400க்குச் சற்று மேல். ஒரே தூரத்துக்கு மூன்று எண்கள் இருப்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். "மைல்" என்று மட்டும் எழுதி, தரைமைலா கடல்மைலா என்று சொல்லாது விடுவோரால் விளையும் குழப்பம் கொஞ்சமன்று.

விமானம் இந்நூல்வழியே அணுவளவும் பிசகாது பறப்பதில்லை. நாடுகள் தத்தம் வானத்தில் வகுத்த பாதைகள் உள்ளன. புயல் உள்ள இடத்தை விலக்க வேண்டும். போர் நிகழும் இடத்தையும் விலக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் உக்ரேன் போர் மூண்டதும் அந்நாட்டு வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. நூல் காட்டும் வழியில் ஒரு துண்டு அவ்வாறு அறுந்தது. தரையில் நடக்கும் போர், பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் அமைதியாகச் செல்லும் பயணியின் நேரத்தையும் நீட்டிவிடுகின்றது.

காற்றின் கணக்கு

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும் என்பது கீழ்வகுப்பிலேயே நாம் கற்ற கணக்கு. மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் 8,700 கிலோமீற்றரைக் கடக்க 9 மணி 40 நிமிடம் போதும். நடைமுறையிலோ, கொழும்பிலிருந்து இலண்டனுக்கு ஏறத்தாழ 11 மணித்தியாலமும், இலண்டனிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ பத்தரை மணித்தியாலமும் செல்கின்றன. விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலேறவும், கீழிறங்கவும், வளைந்த வழியிற் செல்லவும் வேண்டியிருத்தலால் மிகுதி நேரம் கழிகின்றது. ஆனால் போவதற்கும் வருவதற்கும் இடையே வேறுபாடு ஏன்?

வாவியில் தோணி வலித்தவர் இதற்கு உடனே விடை சொல்வர். கச்சான் காற்று எதிர்த்து வீசும்போது வலிப்பதும், அதே காற்று முதுகுப்புறம் தள்ளும்போது வலிப்பதும் ஒன்றாகுமோ? பூமியின் நடு அகலக்கோட்டுப் பகுதிகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பெருங்காற்று ஓடுகின்றது. மேற்கே செல்லும் விமானத்துக்கு அது தடை. கிழக்கே வரும் விமானத்துக்கு அது துணை.

'போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுக்கொள்ளலாம். ஆகவே மொத்தத்தில் நட்டமில்லை' என்று சிலர் எண்ணக்கூடும். அது தவறு. ஒரு தோணிக்காரன் மணிக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் 12 கிலோமீற்றர் போய்த் திரும்புகின்றான் என்க. நீரோட்டம் இல்லையேல் போக 3, வர 3, ஆக 6 மணித்தியாலம். மணிக்கு ஒரு கிலோமீற்றர் நீரோட்டம் இருப்பின், எதிர்த்துப் போகும்போது வேகம் 3. ஆகவே 4 மணித்தியாலம். உடன்வரும்போது வேகம் 5. ஆகவே 2 மணி 24 நிமிடம். கூட்டினால் 6 மணி 24 நிமிடம்! நட்டம் 60 நிமிடம். இலாபம் 36 நிமிடமே. காரணம் யாதெனில், எதிர்நீரோட்டத்தில் அவன் கழிக்கும் நேரம் அதிகம். உடன்நீரோட்டத்தின் உதவியைப் பெறும் நேரம் குறைவு. காற்று முழுக்கடனையும் திருப்பித் தருவதில்லை.

கடிகாரத்தின் கணக்கு

இனி, பயணச்சீட்டின் புதிருக்கு வருவோம். இலங்கையின் நேரம் கிழக்கு நெடுங்கோடு 82½ பாகையைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. பூமி ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை சுழல்வதால், 82½ஐப் பதினைந்தால் வகுக்க ஐந்தரை மணித்தியாலம் வரும். இலண்டன் நகரம் சுழியப் பாகையில் இருப்பதால், நம் கடிகாரம் அந்நகரத்தவரின் கடிகாரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தி ஓடுகின்றது. இந்த 82½ பாகைக் கோடு இலங்கைத் தரையைத் தொடுவதேயில்லை. மட்டக்களப்புக் கரைக்குக் கிழக்கே ஏறத்தாழ 90 கிலோமீற்றரில், கடலின் மேலாக அது செல்கின்றது. ஆகவே நாட்டின் கடிகாரத்துக்கும் உண்மையான சூரியனுக்கும் உள்ள இடைவெளி கொழும்பிற் காட்டிலும் எழுவான்கரையிற் குறைவு.

மாரிகாலத்தில் ஒரு நாள் நண்பகல் 1 மணிக்கு விமானம் கட்டுநாயக்காவை விட்டுப் புறப்படுகின்றது என்று கொள்வோம். 11 மணித்தியாலம் கழிய நம் கடிகாரத்தில் நள்ளிரவு 12 மணி. ஆனால் இலண்டனில் அப்போது மாலை 6.30. சீட்டில் '1 மணிக்குப் புறப்பாடு, 6.30க்கு வருகை' என்றிருக்கும். பார்ப்பவர்க்கு ஐந்தரை மணித்தியாலம் போலத் தோன்றும். இலண்டனிலிருந்து இரவு 8 மணிக்குப் புறப்படும் விமானம், நம் கணக்கில் பின்னிரவு 1.30க்குப் புறப்பட்டதாகும். பத்தரை மணித்தியாலம் கழிய இங்கே நண்பகல் 12. சீட்டிலோ பதினாறு மணித்தியாலம் போலத் தோன்றும். ஐந்தரையையும் பதினாறையும் கூட்டுங்கள்; இருபத்தொன்றரை. உண்மையான 11ஐயும் 10½ஐயும் கூட்டினாலும் அதே இருபத்தொன்றரை. ஒருவழியில் மறைந்த நேரம் மறுவழியில் வெளிப்படுகின்றது. கணக்கில் ஒரு நிமிடமும் தொலைவதில்லை.

மார்ச்சு மாதக் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வரை பிரித்தானியர் தம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்வைப்பர். அக்காலத்தில் வேறுபாடு நாலரை மணித்தியாலம். கல்லடியிலிருக்கும் பெத்தா காலை 6 மணிக்குத் தொலைபேசியை எடுத்துப் பேரனை அழைத்தால், மாரியில் அவனுக்கு நள்ளிரவு 12.30, கோடையில் 1.30. இதனை ஒரு தாளில் எழுதித் தொலைபேசிக்கு அருகில் ஒட்டிவைப்பது பேரனின் நித்திரைக்கு நல்லது.

இருமுறை உதித்த சூரியன்

தூரம் மாறாமல் நேரம் சுருங்கிய வரலாற்றில் இலங்கைக்கென ஒரு தனியிடம் உண்டு. 1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. அதனோடு அவுஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த விமானவழியும் அறுந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் போர் நம் வாசலுக்கே வந்தது. காலிக்கு அருகிலுள்ள கொக்கலை வாவியிலிருந்து ஏப்ரல் 4ஆம் திகதி புறப்பட்ட கற்றலினா என்னும் பறக்கும் படகிலிருந்து, கனேடிய வீரர் லெனாட் பேர்ச்சல் யப்பானியக் கடற்படை நெருங்கி வருவதைக் கண்டு செய்தி அனுப்பினார். அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, அவர் சிறைப்பட்டார். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றைக்கே பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலாகிய ஹேர்மிஸ் நம் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் அக்கப்பலோடு மாண்டனர். அதன் உடற்கூடு இன்றும் அவ்விடத்திலேயே கிடக்கின்றது.

அறுந்த வழியை மீண்டும் முடிவதற்கு 1943ஆம் ஆண்டு நடுப்பகுதியில் குவாண்டாஸ் நிறுவனத்தார் ஒரு துணிகரச் சேவையைத் தொடங்கினர். மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்து ஆற்றிலிருந்து எழுந்து, இந்து சமுத்திரத்தை இடையில் எங்கும் தங்காது கடந்து, கொக்கலை வாவியில் இறங்குவதே அச்சேவை. தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். பறக்கும் படகாதலால் அதற்கு ஓடுபாதை வேண்டியதில்லை. அமைதியான நீர்ப்பரப்பே போதும். எரிபொருளே பெரும்பாரமாகிவிட்டமையால் மூன்று பயணிகளுக்கும் 69 கிலோகிராம் கடிதப் பொதிக்குமே இடமிருந்தது. பகைவர் அறிந்துவிடுவர் என்று வானொலியும் வாய்மூடியிருந்தது. நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டனர். அதற்கேற்ப ஐந்து விமானங்களுக்கும் அல்டெயர், வேகா, ரைகல், அன்ராரிஸ், ஸ்பைக்கா என விண்மீன்களின் பெயர்களையே சூட்டினர். இவற்றுள் அன்ராரிஸ் நம் பஞ்சாங்கத்தில் கேட்டை, ஸ்பைக்கா சித்திரை.

பகைவர் கைப்பட்ட பகுதிகளுக்கு அருகே இருளிற் செல்லுமாறு புறப்படும் நேரத்தை அமைத்தனர். ஒவ்வொரு பயணமும் 27 முதல் 33 மணித்தியாலம்வரை நீடித்தது. ஆகவே, ஒரே பயணத்தில், கீழே இறங்காமலே, பயணிகள் சூரியன் உதிப்பதை இருமுறை கண்டனர். அதற்கு அடையாளமாக 'இரட்டைச் சூரியோதய இரகசியக் குழாம்' என்ற நற்சான்றிதழும் அவர்களுக்கு வழங்கப்பட்டது. 1945 ஜூலைவரை நடந்த இச்சேவையில் 271 முறை சமுத்திரம் கடக்கப்பட்டது. விபத்து ஒன்றும் நேரவில்லை.

மாணவர்கள் இங்கே ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். 5,650ஐ 27ஆல் வகுத்தால் மணிக்கு 209 கிலோமீற்றர்; 33ஆல் வகுத்தால் 171. விமானமும் அதே, தூரமும் அதே. ஆறு மணித்தியால வேறுபாடு எங்கிருந்து வந்தது? மேலே சொன்ன காற்றின் கணக்கே அங்கே பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. மெதுவாகச் செல்லும் விமானத்தைக் காற்று அதிகம் அலைக்கழிக்கும். இன்றைய விமானம் அதே கடலை ஏழு மணித்தியாலத்துக்குள் கடந்துவிடும். அந்தப் பேர்த் நகரத்திலிருந்தே 2018 மார்ச்சு மாதம் முதல், 14,498 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இலண்டனுக்கு எங்கும் தங்காத சேவை நடைபெறத் தொடங்கியது. அதற்கு ஏறத்தாழ 17 மணித்தியாலம். கொக்கலைவரை வருவதற்கு அன்று சென்ற நேரத்தைக் காட்டிலும் இது குறைவு.

வாசல்வரை எவ்வளவு?

இதுவரை கூறியவை வானத்தின் கணக்கு. குடும்பங்களுக்கு வேண்டியதோ வாசலின் கணக்கு. துயரமான உதாரணம் ஒன்றைச் சொல்ல நேர்வதற்காக வாசகர் பொறுத்தருள வேண்டும். அத்தகைய வேளையிலேதான் இக்கணக்கு நமக்கு மிகுதியும் தேவைப்படுகின்றது.

மாரிகாலத்தில் ஒரு நாள் காலை 6 மணிக்குக் களுவாஞ்சிக்குடியில் ஒரு தந்தையார் காலமாகின்றார். இலண்டனிலுள்ள மகனுக்குச் செய்தி கிடைக்கும்போது அங்கே நள்ளிரவு 12.30. விடியும்வரை காத்திருந்து, விடுமுறை கேட்டு, சீட்டுப் பெற்று, அன்றிரவு 8 மணி விமானத்தில் அவன் ஏறிவிட்டான் என்று கொள்வோம். இடங் கிடைத்தது அவன் நற்பேறு. மறுநாள் நண்பகல் 12 மணிக்குக் கட்டுநாயக்காவில் இறங்குகின்றான். கடவுச்சீட்டுப் பரிசோதனையும் பொதிகளும் முடிய ஒரு மணித்தியாலம். பின்னர் ஹபரணை, பொலனறுவை, வாழைச்சேனை வழியாக 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தரைவழி. ஆறு ஏழு மணித்தியாலம். இரவு 8 மணிக்கே அவன் வீட்டு வாசலை மிதிப்பான். தந்தையார் கண்மூடி 38 மணித்தியாலம் கழிந்துவிட்டது. அதில் வானத்திற் கழிந்தது பத்தரை. கால்பங்குக்குச் சற்றே மேல்.

"இலண்டன் பத்து மணித்தியாலந்தானே, நாளைக் காலையில் வந்துவிடுவான்" என்று இதை அறியாத உறவினர் சொல்வர். அதை நம்பி, மறுநாள் பிற்பகலுக்கு இறுதிக் கிரியையைக் குறித்துவிடுவர். மகனோ அந்நேரத்தில் பொலனறுவையைக்கூட அடைந்திருக்க மாட்டான். பெற்றவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லையே என்ற குறை ஆயுள்வரை ஆறாதது. ஒரு வகுத்தற் கணக்கைச் சரியாகச் செய்திருந்தால் அக்குறையைத் தவிர்த்திருக்கலாம் என்றால், அக்கணக்கைப் படிப்பது வீண்வேலை ஆகுமோ? மூன்றாம் நாட் காலை என்று குறித்து, அதற்கேற்ப உடலைப் பாதுகாக்க ஏற்பாடு செய்வதே இலண்டனிற் பிள்ளையுள்ள குடும்பத்துக்கு உகந்தது. கனடாவிலுள்ளோர் எனின் இன்னும் ஒரு நாளைச் சேர்த்து எண்ணுதல் நன்று.

இங்கே வேறொன்றும் புலனாகின்றது. 8,700 கிலோமீற்றர் வானவழிக்குப் பத்தரை மணித்தியாலம். அதில் முப்பதிலொரு பங்கும் பெரிதும் மிகாத தரைவழிக்கு ஆறு ஏழு மணித்தியாலம். 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது. கொழும்புக்கு இன்றும் அதில் எட்டு ஒன்பது மணித்தியாலம் செல்கின்றது. இலண்டன் நமக்கு அண்மையில் வந்த அளவுக்குக் கொழும்பு வரவில்லை.

மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கா நூல்வழியில் 205 கிலோமீற்றரே. சிறு விமானம் ஒன்று ஒரு மணித்தியாலத்தில் கடக்கும் தூரம் அது. திமிலைதீவில் 1958ஆம் ஆண்டிலேயே நமக்கு ஒரு விமானத்தளம் அமைந்தது. நெடுங்காலம் விமானப்படையின் பொறுப்பிலிருந்த அது, திருத்தியமைக்கப்பட்டு, 2018இல் பயணிகள் விமானங்களுக்குத் திறக்கப்பட்டது. எனினும் நம் குடும்பங்களிற் பெரும்பாலானவை இன்னும் இரவோடிரவாகத் தரைவழியே விமானநிலையம் செல்கின்றன. எளியோரும் தாங்கக்கூடிய கட்டணமும், வெளிநாட்டு விமானங்களின் வருகையோடு பொருந்தும் நேரமும் இல்லாவிடில், ஓடுபாதை மட்டும் இருப்பதனாற் பயன் சிறிதே. துறை இருந்தும் தோணி வராவிட்டால் என்ன செய்வது? பத்தாயிரம் கிலோமீற்றர் பறக்கும் விமானத்தை ஆக்கிய மனித அறிவுக்கு, இந்த இருநூறு கிலோமீற்றரைச் சீர்செய்வது அரிதன்று. அதை வேண்டுமென்று கேட்பவர் வேண்டும். கேட்பதற்குக் கணக்குத் தெரிந்திருத்தலும் வேண்டும்.

மாணவர்க்கு

பின்வரும் கணக்கைச் செய்து வையுங்கள். விடை அடுத்த ஞாயிறு. கொக்கலையிலிருந்து அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்ட பறக்கும் படகு 28 மணித்தியாலத்தில் பேர்த் நகரை அடைந்தது. இன்றைய நேரமுறைப்படி பேர்த் நமக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தியது. எனின், அந்நகரக் கடிகாரத்தின்படி அது இறங்கிய நேரம் யாது? பயணிகள் இரண்டாம் முறை சூரியோதயத்தைக் கண்டது கொக்கலைக்கு அண்மையிலா, பேர்த்துக்கு அண்மையிலா? விடையைச் சொல்வதோடு நிறுத்தாது, காரணத்தையும் எழுதுங்கள்.